அம்மாவிடம் எப்போது சொல்வது?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 17 வயது, பள்ளியில் கடைசி வருடம். நான் பையன், எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது. 12 வயதிலேயே தெரிந்துவிட்டது. ஒரே ஒரு நண்பனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் "சரிடா, அதுக்கென்ன இப்போ" என்றான். அம்மாவுக்கு என்மேல் உயிர். அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. இப்போது தினமும் பொய் சொல்வதுபோல இருக்கிறது. அப்பா கோபக்காரர். டிவியில் இந்த மாதிரி ஏதாவது வந்தால் திட்டிவிட்டுச் சேனலை மாற்றுவார். அம்மாவுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் 18 ஆகிறது. பிறந்தநாளன்று கொடுத்துவிடலாமா? டாக்டரிடம் போனால் இது மாறிவிடுமா? சில ராத்திரி, நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றுகிறது. பெயர், ஊர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீ என்றே எழுதுகிறேன். என் மூத்த பையனைவிட நீ சின்னவன்.

நீ கேட்டது பிறந்தநாளைப் பற்றி. ஆனால் கடிதத்தை முடிக்கிற அவசரத்தில், போகிற போக்கில் சொன்னதுபோல ஒரு வரி எழுதியிருக்கிறாய். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். நீ இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்கிறாய். ஆலோசகராக இருக்கும் இந்தத் தொழிலில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் முகத்திலும் நிம்மதியைப் பார்த்ததில்லை. பத்து வருடம் கழித்தும், கூட்டத்தில் அந்த வயதுப் பிள்ளையைப் பார்த்தால் நின்றுவிடுகிறார்கள்.

ராத்திரியில், அலுத்துப்போய், பேச ஆளில்லாமல் கிடக்கும்போது அந்த எண்ணம் வரும். வரும்போது அது ஊர் அறிந்த உண்மை மாதிரித்தான் பேசும். அதனால் இந்த வாரம் நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அப்படித் தோன்றுகிறது என்பதை ஒரு பெரியவரிடம் சொல். பள்ளியில் ஆலோசகர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் நீ நம்பும் ஓர் ஆசிரியரிடமோ டாக்டரிடமோ சித்தியிடமோ. காரணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. "ராத்திரில செத்துப்போயிடலாம்னு தோணுது, எனக்கே பயமா இருக்கு" என்றால் போதும். ஏன் என்று கேட்டால் "அதை அப்புறம் சொல்றேன்" என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. எப்படி, எப்போது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தால் தனியாக இருக்காதே. எழுந்து ஆள் இருக்கிற அறைக்குப் போ, நண்பனை எழுப்பு, நீ இருக்கும் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கோ போன் செய். அந்த எண்ணை இப்போதே போனில் சேமித்துவிட்டு மேலே படி.

சேமித்துவிட்டாயா? சரி.

உன் கடிதத்தில் உன்னைக் குறிக்க ஓர் இடத்தில் பள்ளிப் பையன்கள் சொல்லும் வசைச்சொல்லையே போட்டிருந்தாய். இங்கே வெளியிடும்போது அதை எடுத்துவிட்டேன். அடிக்கடி காதில் விழுந்து அதுவே உன் பெயர் என்று உனக்குப் பழகிப்போயிருக்கிறது. தன்பாலீர்ப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. தன் பாலைச் சேர்ந்தவர்மீது வரும் ஈர்ப்பு, அவ்வளவுதான் அதன் பொருள். பத்திரிகைகள் ரொம்ப காலமாக எழுதிவந்த ஓரினச்சேர்க்கை என்ற சொல் உடலுறவை மட்டுமே முன்னால் நிறுத்துகிறது. உனக்கு நடந்திருப்பது அதுவா? பன்னிரண்டு வயதில் ஒருவனைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தது, அவன் வராத நாளில் வகுப்பே வெறிச்சோடிப் போனது. மற்ற பிள்ளைகளுக்கும் அந்த வயதை ஒட்டித்தான் இதெல்லாம் தொடங்குகிறது. அவர்கள் அதைக் கேலியும் சிரிப்புமாகப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். நீ ஐந்து வருடமாக அந்த ஒரு நண்பனைத் தவிர யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. தன்பாலீர்ப்பு என்று சொல்ல நீளமாக இருந்தால் ஆங்கிலத்தில் சொல்வதுபோல கே (gay) என்று சொல். இப்போதைக்கு எந்தப் பெயரும் வேண்டாம் என்றாலும் சரிதான்.

டாக்டரிடம் போனால் மாறுமா என்று கேட்டாய். மாறாது, மாற்ற வேண்டியதும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலிருந்து 1990 மே 17 அன்று நீங்கியது. நீ பிறப்பதற்கு வெகு காலம் முன்பே முடிந்துபோன விஷயம் இது. அதற்கும் முன்னால், 1957இல், எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர், மற்ற ஆண்கள் 30 பேர், எல்லோருக்கும் ஒரே உளவியல் சோதனைகள். யாருடையது என்று சொல்லாமல் முடிவுகளைத் தேர்ந்த நிபுணர்களிடம் கொடுத்து, இதில் யார் யார் தன்பாலீர்ப்புள்ளவர் என்று பிரிக்கச் சொன்னார். அவர்களால் பிரிக்க முடியவில்லை. மனநலத்தில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இன்னொருவர் கதையையும் சொல்கிறேன். உன் வீட்டிலேயே யாராவது "மாத்திடலாம்னு ஒரு ஆராய்ச்சில போட்டிருக்கே" என்று கேட்கக்கூடும். ராபர்ட் ஸ்பிட்சர் என்ற மனநல மருத்துவர் 1973 மாற்றத்துக்கு முக்கியக் காரணமாக இருந்தவர். அவரே 2003இல், சிலரால் மாற முடிகிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். இருநூறு பேரிடம் போனில் கேட்டு எழுதியது. மாறிவிட்டேன் என்று அவர்கள் சொன்னதைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் அதில் இல்லை. உலகம் முழுக்க, ஈர்ப்பை மாற்றிக்காட்டுகிறோம் என்று சிகிச்சை கொடுப்பவர்கள் அந்தக் கட்டுரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். 2012இல் ஸ்பிட்சர், அந்த ஆய்வு தவறானது என்று ஒப்புக்கொண்டு, அதை நம்பிக் காலத்தையும் உழைப்பையும் வீணாக்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அப்போது அவருக்கு 80 வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. மின்சார அதிர்ச்சி, ஊசி, பிரார்த்தனை, மிரட்டல் என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஈர்ப்பை மாற்றுகிற இந்தச் சிகிச்சை பிள்ளைகளை மனச்சோர்வில்தான் கொண்டுபோய் விடுகிறது. யாராவது உன்னை ஆலோசகரிடமோ டாக்டரிடமோ அழைத்துப்போனால் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதை மாத்தறதுக்கா சிகிச்சை கொடுக்கறீங்க?" ஆமாம் என்றால் அவரிடம் மனதைத் திறக்காதே.

இனி, பொய் சொல்கிறேன் என்கிறாயே, அதைப் பேசுவோம்.

இல்லாததைச் சொல்லி அம்மாவை ஏமாற்றுவது வேறு. உன் உள்ளே இருப்பதை, சொல்ல இடம் வரும்வரை வைத்துக்கொள்வது வேறு. யாரைப் பிடித்திருக்கிறது என்பதைப் பதினேழு வயதில் எத்தனை பிள்ளைகள் அம்மாவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்களை யாரும் பொய்யர்கள் என்பதில்லை. அம்மா உன்மேல் வைத்த அன்புக்கு இந்த உண்மையை நீ வட்டியாகக் கட்ட வேண்டியதில்லை. பாரமாக இருக்கிறது, அம்மா தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும் என்று ஆசையாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன் என்றால் அது நல்ல காரணம். குற்றவுணர்வு பிடித்துத் தள்ளுகிறது, அதனால் ஓடிப்போய்ச் சொல்கிறேன் என்றால், கொஞ்சம் நில்.

நில் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒருவனை நிற்கவிடாமல் நான் அனுப்பியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. பதினாறு வயதுப் பையன் ஒருவன், உன்னை மாதிரியே, என்னிடம் வந்து சொன்னான். எனக்கு அவன் தைரியத்தைப் பார்த்துச் சந்தோஷம். "இன்னைக்கே வீட்ல சொல்லிடு, மனசு லேசாகிடும்" என்றேன். அன்று ராத்திரியே சொல்லிவிட்டான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள், பள்ளியைத் தவிர வேறெங்கும் அனுப்பவில்லை. நாலு மாதம் கழித்து ஒருநாள் வந்து, சொன்னதற்காக வருத்தப்படவில்லை, ஆனால் நீங்கள் என்னிடம் ஒன்றுமே கேட்காமல் அனுப்பிவிட்டீர்கள் என்றான். அவன் சொன்னது சரி. வீட்டில் யார் எப்படி, அடிப்பார்களா, வெளியே போ என்றால் எங்கே படுப்பான், பள்ளிக் கட்டணம் யார் கையில் இருக்கிறது, எதையுமே நான் கேட்டிருக்கவில்லை. அந்தப் பையன் இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அன்றிலிருந்து யார் வந்து "சொல்லலாமா" என்று கேட்டாலும் முதலில் இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறேன். உன்னிடமும் கேட்கிறேன்.

உன் அப்பா திட்டுவார் என்று எழுதியிருக்கிறாய். கை ஓங்குவாரா? இதுவரை ஓங்கியிருக்கிறாரா, உன்மேலோ அம்மாவின்மேலோ? அம்மா ஒரு விஷயத்தை அப்பாவிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டதுண்டா, அல்லது ராத்திரிக்குள் எல்லாம் அவர் காதுக்குப் போய்விடுமா? நிலைமை கெட்டால், கேள்வி கேட்காமல் இரண்டு நாள் தங்கவைக்கும் வீடு ஒன்றாவது தெரியுமா? உன் சான்றிதழ்கள், அடையாள அட்டை எல்லாம் எங்கே இருக்கின்றன? இவற்றை ஒரு தாளில் எழுதாதே, மனதில் யோசி. அடி விழும், அல்லது வெளியே தள்ளிவிடுவார்கள் என்ற பயம் நிஜமாக இருந்தால் இப்போது சொல்லாதே. படிப்பை முடி, சொந்தக் காலில் நிற்க ஒரு வழி பார், அதுவரை உன் நண்பன் மாதிரி இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள். அப்படிக் காத்திருக்கிறவனை நான் ஒருநாளும் கோழை என்று சொல்லமாட்டேன்.

நீ எந்த நாட்டில் இருக்கிறாய் என்று எழுதவில்லை. சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது. சில நாடுகளில் ஆணும் ஆணும் திருமணமே செய்துகொள்ளலாம், சில நாடுகளில் இன்னமும் அது குற்றம். நீ இருக்கும் இடத்தில் எப்படி என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்றபடி போனில் என்ன எழுதுகிறாய், யாருக்கு அனுப்புகிறாய் என்று பார்த்துக்கொள். வீட்டில் மற்றவரும் எடுக்கிற போன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அம்மா உன் வாயால் கேட்பது வேறு, ஸ்க்ரீன்ஷாட்டில் பார்ப்பது வேறு.

போன் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் வயதுப் பையன்களை நான் அதிகம் பார்ப்பது வீட்டில் சொன்னதால் வந்த பிரச்சினையில் அல்ல, யாரிடமும் சொல்ல முடியாமல் ஆன்லைனில் முன்பின் தெரியாத பெரியவர்களிடம் போய் மாட்டிக்கொண்டதால் வந்த பிரச்சினையில். ஆறுதலாகத்தான் பேசுவார்கள். "உன்னை எனக்கு மட்டும்தான் புரியும்" என்பார்கள். அப்புறம் படம் கேட்பார்கள், அப்புறம் அந்தப் படத்தை வைத்துப் பணம் கேட்பார்கள். டேட்டிங் ஆப்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. அடுத்த மாதம் உனக்கு 18 ஆனாலும், ஒரே ராத்திரியில் இவர்களை இனம்காணும் பழக்கம் வந்துவிடாது. ஒருவேளை ஏற்கெனவே மாட்டியிருந்தால் பணம் கொடுக்காதே, கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். பேசியதை அழிக்காதே. ஒரு பெரியவரிடம் சொல். தப்பு செய்தவன் அந்த ஆள், நீ இல்லை.

சரி, உன் கேள்விகளுக்கெல்லாம் நல்ல பதில் கிடைத்தது, அம்மா அடிக்கமாட்டார், அப்பாவிடம் ஓடமாட்டார், சொல்லத்தான் வேண்டும் என்று நீ முடிவெடுத்துவிட்டாய் என்று வைத்துக்கொள்வோம். பிறந்தநாள் வேண்டாம். வீட்டில் ஆள் இருக்கும், போன் வந்துகொண்டே இருக்கும், அம்மா முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு ராத்திரிவரை தாங்க வேண்டும். தவிர, அவர் அன்று அழுதுவிட்டால் இனி வரும் ஒவ்வொரு பிறந்தநாளிலும் உனக்கு அந்த அழுகைதான் ஞாபகம் வரும். தேர்வுக்கு முன்னாலும் வேண்டாம், சண்டைக்கு நடுவில் கோபத்தில் வீசி எறிவதாக ஒருநாளும் வேண்டாம். அப்பா வெளியே போயிருக்கும் ஒரு நாள், அம்மாவுக்கு அவசர வேலை இல்லாத நேரம். இருவரும் சேர்ந்து நடந்து போகிற பழக்கம் இருந்தால் அது இன்னும் நல்லது. முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, நடக்கும்போது மௌனமும் கனக்காது.

நாலு பக்கக் கடிதத்தை முதலில் கொடுக்காதே. நான் அதைப் படிக்கவில்லை, ஆனால் அப்படிப்பட்ட கடிதங்கள் நிறையப் படித்திருக்கிறேன். மூன்று பக்கம் மன்னிப்பாக இருக்கும். அம்மா என்னை மன்னித்துவிடுங்கள் என்றுதானே தொடங்குகிறது? படிக்கிறவருக்கு, பிள்ளை என்னவோ கொலைக்குற்றம் செய்துவிட்டான் என்று இரண்டாவது வரியிலேயே கை நடுங்கத் தொடங்கிவிடும். வாயால் சொல், சின்னதாகச் சொல். "அம்மா, ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நான் நல்லாத்தான் இருக்கேன், பயப்படாதீங்க. எனக்குப் பொண்ணுங்க மேல ஈர்ப்பு வரலம்மா. பசங்க மேலதான் வருது. பன்னெண்டு வயசுலேருந்தே." உன் வீட்டுப் பேச்சுக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொள். சொல்லிவிட்டு நிறுத்து. அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்பட்டு மேலும் மேலும் பேசாதே.

அம்மா உடனே கட்டி அணைத்துக்கொண்டால் நல்லது. பெரும்பாலும் அப்படி நடக்காது. இது உனக்குத் தெரிந்து, புரிந்து, அழுது, ஒத்துக்கொள்ள ஐந்து வருடம் ஆனது. அம்மாவுக்கு நீ கொடுக்கப்போவது ஐந்து நிமிடம். முதல் ஐந்து நிமிடத்தில் அவர் சொல்வதை வைத்து அவர் அன்பை எடைபோடாதே. "வயசுக் கோளாறு, சரியாயிடும்" என்பார். யாராவது உன்னைக் கெடுத்துவிட்டார்களா என்று கேட்பார். "நீ பொண்ணா மாறப்போறியா?" என்றும் கேட்கலாம். அதற்கு மட்டும் தெளிவாகப் பதில் சொல். தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறோம் என்பது ஒரு விஷயம், யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பது வேறொரு விஷயம். நீ உன்னைப் பையனாகத்தான் உணர்கிறாய், அதில் மாற்றமில்லை என்று சொல். பல பெரியவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது.

"நான் வளர்த்த விதத்துல எங்க தப்பு பண்ணினேன்?" என்பதுதான் எல்லா அம்மாக்களும் கேட்கும் கேள்வி. வளர்ப்பால் இது வருகிறது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 2019இல் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேரின் மரபணுக்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று, இதைத் தீர்மானிக்கிற ஒற்றை மரபணு என்று எதுவும் இல்லை, சின்னச் சின்னதாகப் பல மரபணுக்களுக்கும் வேறு பல காரணங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று சொன்னது. அம்மா செல்லம் கொடுத்ததாலோ அப்பா கண்டித்ததாலோ வந்ததல்ல. இதை அவரிடம் நீ சொன்னால் நம்பமாட்டார், வேண்டுமானால் இந்தப் பதிலைக் காட்டு.

ஓர் அம்மாவை உனக்குச் சொல்ல வேண்டும். அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். மகன் கொடுத்த கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பேசும்போதெல்லாம் அதை எடுத்து விரிப்பார், மடிப்பார், மறுபடி விரிப்பார். மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் தாள் கிழிந்து நாலு துண்டாகத் தொங்கியது. முதல் இரண்டு தடவையும் இதை எப்படி மாற்றுவது என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்கு உள்ளுக்குள் கோபமாகக்கூட இருந்தது. மூன்றாவது தடவை வந்து ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "பன்னெண்டு வயசுலேருந்துன்னு எழுதியிருக்கான். அந்த வருஷம் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு தினமும் வயித்துவலின்னு சொல்வான். நடிக்கிறான்னு நான் அடிச்சு அனுப்பினேன்" என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை. அன்று அவர் அழுதது மகன் இப்படி ஆகிவிட்டானே என்று அல்ல. அன்றிலிருந்து மாற்றுகிற பேச்சு நின்றுபோனது. இரண்டு வருடம் பிடித்தது, நடுவில் பலமுறை பின்வாங்கினார், அப்பாவுக்கு இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைச் செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.

உன் அம்மாவும் இப்படித்தான் ஆவார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆகாமலும் போகலாம். ஆனால் அம்மாக்கள் மாறியிருக்கிறார்கள், வெளிப்படையாக வந்து நின்றும் இருக்கிறார்கள். நியூயார்க்கில் ஜீன் மான்ஃபோர்ட் என்று ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அதிர்ந்து பேசாதவர். 1972இல் அவர் மகன் மோர்ட்டியை, தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகத் துண்டறிக்கை கொடுத்ததற்காக அடித்துப் போட்டார்கள், போலீஸ் வேடிக்கை பார்த்தது. அந்த அம்மா பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், என் மகன் தன்பாலீர்ப்புள்ளவன், நான் அவனை நேசிக்கிறேன் என்று. பெயர் போட்டு எழுதினார். அந்த ஜூன் மாதமே, பெற்றோர்களே பிள்ளைகளுக்குத் துணையாக ஒன்றுசேருங்கள் என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு மகனோடு ஊர்வலத்தில் நடந்தார். அடுத்த வருடம், இருபது பேர்போல ஒரு தேவாலயத்தில் கூடி அவர் தொடங்கிவைத்த பெற்றோர் கூட்டம்தான் இன்று பிஃப்ளாக் என்ற பெரிய அமைப்பாக இருக்கிறது. உன் அம்மாவும் பேச ஆள் தேடுவார். உறவில் யாரிடமும் சொல்ல முடியாமல் அவரும் தனியாகிப்போவார். அவரைப் போன்ற பெற்றோர் கூடிப் பேசும் குழுக்கள் பல நாடுகளில் இருக்கின்றன, ஆன்லைனிலும் இருக்கின்றன. நீ சொல்வதற்கு முன்பே ஒன்றைத் தேடி வைத்துக்கொள்.

அம்மாவிடம் பேசும் அன்றே அப்பா விஷயத்தையும் முடிவுசெய்துவிடு. "அப்பாகிட்ட நான் சொல்றவரைக்கும் நீங்க சொல்லவேண்டாம்" என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் ஒரே கூரையின் கீழ் கணவரிடம் இதை மறைத்து வைப்பது அவருக்கு எவ்வளவு பாரம் என்பதையும் நினைத்துப்பார். தாங்க முடியாமல் ஒருநாள் சொல்லியும் விடலாம். அதற்கு நீ தயாராக இல்லையென்றால் அம்மாவிடம் சொல்லவும் இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். டிவியைப் பார்த்துத் திட்டுகிறவர் பெற்ற பிள்ளையிடமும் அப்படித்தான் இருப்பார் என்று நிச்சயமில்லை. திட்டாதவர் தாங்கிக்கொள்வார் என்றும் நிச்சயமில்லை. இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு வருடக்கணக்கில் தெரியாமலே இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

இந்தப் பதிலை அம்மாவிடம் காட்டுவாய் என்ற நம்பிக்கையில் அவருக்கும் நாலு வரி. அம்மா, வீட்டாரால் கடுமையாக ஒதுக்கப்பட்ட தன்பாலீர்ப்புப் பிள்ளைகளையும், ஒதுக்கப்படாத அல்லது குறைவாகவே ஒதுக்கப்பட்ட பிள்ளைகளையும் ஒப்பிட்டு, கேட்லின் ரையன் என்பவர் குழு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கடுமையாக ஒதுக்கப்பட்டவர்களிடையே தற்கொலை முயற்சி எட்டு மடங்குக்கும் மேல் இருந்தது. உங்கள் பிள்ளைக்கு ஆபத்து அவன் ஈர்ப்பில் இல்லை, வீட்டுக் கதவில் இருக்கிறது. இன்றைக்கே உங்களுக்கு இது சம்மதமாக வேண்டியதில்லை. அழுதுகொள்ளுங்கள், கோபப்படுங்கள், என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து கத்திக்கூடத் தீர்த்துக்கொள்ளுங்கள். அவன் எதிரில் மட்டும், போ என்ற சொல்லைச் சொல்லாதீர்கள்.

மறுபடி உன்னிடம் வருகிறேன் தம்பி. உன் நண்பனைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறாய். நான் அந்த வரியைப் பலமுறை படித்தேன். பதினேழு வயதுப் பையன், "சரிடா, அதுக்கென்ன இப்போ" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல இருக்கிறான். இதைவிட நல்ல பதிலை நானும் சொல்லித்தர முடியாது. நீ முதல் தடவை சொன்னதும் நல்லபடியாக முடிந்திருக்கிறது, அதை நீ கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆனால் அவனும் உன் வயதுதான். உன் ராத்திரிகளை அவன் ஒருவன் தலையில் வைக்காதே. அதனால்தான் ஒரு பெரியவர் வேண்டும் என்கிறேன். தன்பாலீர்ப்புள்ள இளையவர்களிடம் 2019இல் ட்ரெவர் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு எடுத்த கணக்கில், தன்னை ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவராவது இருக்கிறார் என்று சொன்னவர்களிடம் தற்கொலை முயற்சி 40 சதவீதம் குறைவாக இருந்தது. அம்மாவாகவோ அப்பாவாகவோதான் இருக்க வேண்டும் என்றில்லை, யாராவது ஒருவர்.

அந்த நாலு பக்கத்தைக் கிழித்துப் போடாதே. பையில் வைத்துக்கொண்டும் திரியாதே, தவறி விழுந்தால் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. நண்பனிடம் கொடுத்து வை. ஒருநாள் அம்மாவே "அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் அன்றைக்குக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் மன்னிப்புக் கேட்கும் வரிகளை மட்டும் அடித்துவிடு.

பிறந்தநாள் முடிந்ததும் எனக்கு எழுது. அம்மாவிடம் சொன்னாயா இல்லையா என்று எழுத வேண்டாம். ராத்திரிகள் எப்படிப் போகின்றன, யாரிடம் பேசினாய் என்று மட்டும் எழுது. காத்திருப்பேன்.

அன்புடன்,
உன் ஆலோசகர்